அப்டேட் நின்றுபோன போன்

என் காது மிஷினுக்கான செயலி ஒரு திங்கட்கிழமை காலையில் திறக்க மறுத்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். நான் பாடம் நடத்துகிற பள்ளி திறந்து இரண்டாவது வாரம். பஸ் இரைச்சலைக் குறைத்து வைக்கலாம் என்று வழக்கம்போலப் போனை எடுத்து அதைத் தொட்டேன். புதிய பதிப்பைப் போட்டால்தான் இனித் திறக்கும் என்று வந்தது. புதிய பதிப்பைப் போடப் போனால், இந்தப் போனுக்கு அது பொருந்தாது என்று வந்தது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது. பள்ளி வாசலில் இறங்கும்வரை அதையே திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு நாற்பத்தொரு வயதில் காது மங்க ஆரம்பித்தது. நரம்புக் கோளாறு, திரும்ப வராது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு ஏழு வருடமாக இரண்டு காதிலும் மிஷின். வகுப்பில் ஒரு விதமாக, பஸ்ஸில் ஒரு விதமாக, பேச்சுக்கு ஒரு விதமாக அதை மாற்றி வைத்துக்கொள்ளப் போன் வேண்டும். அதைவிட முக்கியம், போனில் வருகிற குரல் நேராக மிஷினுக்குள் போய்விடும். வெளிச்சத்தம் ஏதும் கலக்காது. போனைக் காதில் வைத்துக் கேட்டால் எனக்கு எல்லாக் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலத்தான். குரலின் ஏற்ற இறக்கம் தெரியும். சொல் தெரியாது.

என் கணவர் மத்திய போலீஸ் படையில் இருந்தார். கல்யாணமான வருடத்திலிருந்தே எங்கள் குடும்பம் நடந்தது போனில்தான். முதலில் எஸ்.டி.டி. பூத், பிறகு செங்கல் மாதிரி ஒரு போன், அப்புறம் இது. கடைசியாக அவரை வடகிழக்கு மலைப் பக்கம் போட்டிருந்தார்கள். அங்கே இன்டர்நெட் கிடைப்பது அபூர்வம். முகத்தைப் பார்த்துப் பேசுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிவந்து, நாலைந்து நிமிஷம் பேசுவார். எழுத்தில் அனுப்பச் சொன்னால் 'ஓகே' என்று ஒரு சொல் வரும். அவர் எழுதுகிற ஆள் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் அவர் கூப்பிட்டார். போனைக் காதோடு சேர்த்து அழுத்தி வைத்துக்கொண்டேன். "ஏட்டி, கேக்குதா?" என்று கேட்டார் என்பது பழக்கத்தில் புரிந்தது. கேட்கிறது என்றேன். அதன்பின் அவர் பேசியதில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. முதல் இரண்டு தடவை, "என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க" என்றேன். அவர் சத்தத்தைக் கூட்டினார். சத்தம் கூடினால் இன்னும் குழம்பும், அதை இத்தனை வருஷத்தில் அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. மூன்றாவது தடவை கேட்க வாய் வரவில்லை. "ம், சரி" என்றேன்.

காது கேட்காதவர்களுக்கு இது தெரியும். கேட்கிறவர்களுக்குச் சொன்னால் புரிய நேரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'என்ன?' என்று கேட்பது? பிள்ளைகளிடம், சக ஆசிரியர்களிடம், கண்டக்டரிடம், காய்காரம்மாவிடம். சாயங்காலம் ஆகும்போது அந்தச் சொல் தீர்ந்துபோயிருக்கும். அப்போது எதிராளியின் குரல் எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் ஒரு 'சரி' வைத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அங்கே மலையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்? கவலைப்படுவார். எப்படியும் ஒரு வாரத்தில் வேறு போன் வாங்கிவிடுவோம், அதற்குள் எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வாரம்தான் இரண்டரை மாதமாக நீண்டது.

போன் பழசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கீறல் கிடையாது. சார்ஜ் ஒரு நாள் முழுக்க நிற்கும். வாங்கி மூன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் அதைச் செய்த கம்பெனி இரண்டு வருடத்தோடு புதுப்பித்தலை நிறுத்திவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்றே தெரியாது.

இந்தத் தடவை கேட்பது என்று முடிவு செய்துகொண்டு, சனிக்கிழமை ராஜபாளையத்தில் போன் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குப் போனேன். முதல் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். நான் உட்காருவதற்குள் மூன்று போனை எடுத்து வரிசையாக வைத்துவிட்டார்.

"கேமரா பாருங்க மேடம். நெலாவ எடுத்தாக்கூட குழிவரைக்கும் தெரியும்."

"எனக்கு நெலா வேண்டாம். இதுக்கு எத்தன வருஷத்துக்கு அப்டேட் வரும்?"

அவர் என்னைப் பார்த்தார். "அப்டேட் வந்துக்கிட்டே இருக்கும் மேடம்."

"எத்தன வருஷத்துக்கு?"

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"அட்டைப்பெட்டில போட்டிருக்கா? முட்டாய் பாக்கெட்டுக்குக்கூட தேதி போடுதாங்களே."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் இல்லை. பின்னால் இருந்த முதலாளியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். தமிழ் என்றால் உதட்டைப் பார்த்துப் பாதி பிடித்துவிடுவேன். தெலுங்கில் உதடு படிக்கத் தெரியாது. முதலாளி சிரித்தபடி ஏதோ பதில் சொன்னார். சிரித்தது என்னைத்தானா, வேறெதற்கோவா என்று தெரியாமல் எழுந்து வந்தேன்.

இரண்டாவது கடையில் "லைஃப் டைம் மேடம்" என்றார்கள். யாருடைய லைஃப் என்று கேட்டேன். அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்கள். மூன்றாவது கடையில் நேர்மையான ஒருவர் இருந்தார். "எங்களுக்கே தெரியாதும்மா. ஒரு வருஷம் கழிச்சு எல்லாரும் மாத்திருதாங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கடைக்கு வெளியே ஆள் ஏற்றிக்கொண்டிருந்த மினி பஸ்ஸின் பாட்டுச் சத்தத்தில் தலை வலித்தது. மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

மிஷின் வாங்கிய மதுரைக் கடைக்குக் கடிதம் எழுதினேன். எந்தெந்தப் போன் இந்த மிஷினோடு ஒத்துப்போகும் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் பாதிப் போன்கள் இப்போது விற்பனையிலேயே இல்லை. கோயம்புத்தூரில் விடுதியில் படிக்கிற என் மகள், எந்தக் கம்பெனி எத்தனை வருடம் வாக்குக் கொடுக்கிறது என்று தேடித் தேடி எழுதி அனுப்பினாள். ஒன்று நான்கு வருடம், ஒன்று இரண்டு, ஒன்று ஏழு. நாமே திருகாணியைக் கழற்றி பேட்டரி மாற்றிக்கொள்கிற மாதிரி வெளிநாட்டில் ஒரு போன் இருக்கிறதாம், அதற்கு எட்டு வருடத்துக்கும் மேலாம். அது இந்தியாவுக்கு வருவதில்லை. நான் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டுமே எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காதவை. விலையும் என் யோசனைக்குள் அடங்கவில்லை. நோட்டை மூடி வைத்தேன். முதல் இடைத்தேர்வு வந்தது. ஆடி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்த் திருவிழாவுக்காகத் தெருவெல்லாம் ஒலிபெருக்கி கட்டினார்கள். அந்த நாட்களில் எனக்குப் பாதி வகுப்பு ஊமைப் படமாகத்தான் நடந்தது.

இடையில் அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே. எனக்கு அதுவும் ஒரு பாரமாக இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். போன் அதிரும். எடுப்பேன். அவர் குரல் ஏறும், இறங்கும், நிற்கும். சரி. நல்லது. உங்க இஷ்டம். ஆமா. நல்லாருக்கேன். அவர் குரல் சில நாள் லேசாக இருந்தது. சில நாள் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அதற்கும் சரி என்றேன்.

தேர் முடிந்து கடைத்தெரு ஓய்ந்திருந்த ஒரு மதியம், போனுடைய சார்ஜர் ஓட்டையில் தூசி அடைத்துக்கொண்டது. எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் ஒரு ரிப்பேர் கடையைச் சொன்னார். ரத வீதிக்குப் பின்னால், ஒரு பால்கோவா கடையின் மாடி. படி ஏறும்போதே கீழே பால் காய்கிற அனல் சுவர் வழியே வந்தது. மேலே சிறிய அறை. நீல ரப்பர் விரித்த மேசையில் நுண்ணோக்கி ஒன்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சென்னைப் பக்கம் போன் கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் என்று பிறகு தெரிந்தது.

குனிந்தபடியே ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. அன்று என்னவோ, சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குக் காது கேக்காதும்மா. மூஞ்சியப் பாத்தாதான் புரியும்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். அதன்பின் அந்த ஒரு மணி நேரமும், ஒவ்வொரு தடவை பேசும்போதும் வேலையை நிறுத்தி, முகத்தைத் தூக்கி, என்னைப் பார்த்துத்தான் பேசினாள். ஒருமுறைகூட மறக்கவில்லை. என் வீட்டு ஆட்களே பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள்.

தூசியை ஊசியால் எடுத்தாள். போனை ஆன் செய்து பார்த்துவிட்டு, "சூப்பரா வச்சிருக்கீங்க டீச்சர்" என்றாள்.

"வச்சிருந்து என்ன செய்ய? காது மிஷின் ஆப் திறக்க மாட்டேங்குது. சாஃப்ட்வேர் பழசாம்."

போனை வாங்கி எதையோ தேடிப் பார்த்தாள். "இது எப்ப வாங்குனீங்க?"

சொன்னேன்.

"அப்பவே இது ஒன்றர வருஷப் பழைய மாடல். ஆஃபர்ல போட்டிருப்பாங்க."

"ஆமா, ஆஃபர்லதான் வாங்குனேன்."

"அங்கதான் ஏமாந்துட்டீங்க. நீங்க வாங்குன நாள்ல இருந்து வருஷம் எண்ண மாட்டாங்க. போன் மொதமொத வெளிய வந்த தேதில இருந்துதான் எண்ணுவாங்க. ரெண்டு வருஷம்னா உங்க கைக்கு வாரப்பவே ஆறு மாசந்தான் பாக்கி."

இத்தனை வருடம் பாடம் நடத்துகிற எனக்கு இந்த எளிய கழித்தல் தெரியாமல் போயிருந்தது. ஏமாற்றியது யார் என்று கோபப்படக்கூட யாரும் இல்லை. போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி முகத்தைத் தூக்கினாள்.

"ஒண்ணு செய்யலாம் டீச்சர். உள்ள இருக்கத எல்லாம் அழிச்சுட்டு வேற சாஃப்ட்வேர் ஏத்தலாம். கம்பெனி குடுக்குறது இல்ல. கம்பெனி கைவிட்ட போனுக்குன்னே ஆளுக சேந்து எழுதி, சும்மா குடுக்காங்க. இந்த மாடலுக்கு இருக்கு. புதுசு, போன மாசம் வந்தது."

"ஆப் திறக்குமா?"

"திறக்கும்னு நெனைக்கேன். சில ஆப் சண்ட பிடிக்கும். பேங்க் ஆப், கவர்மென்ட் ஆப் எல்லாம் இத நம்பாது. அப்பறம் ஏத்துறப்ப போன் செத்தும் போகலாம். நூத்துக்கு ஒண்ணு. யோசிச்சுக்கோங்க."

யோசிக்கத் தெம்பில்லை. "செய்யி" என்றேன்.

படங்களை எல்லாம் வேறிடத்தில் எடுத்து வைத்தாள். பிறகு போனைக் கணினியோடு இணைத்தாள். திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடின. மறுபடி கறுத்து, நெடுநேரம் அப்படியே கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பின் ஒரு வெளிச்சம் வந்தது. புதுப் போன் ஒன்று கேட்பது போல, எந்த மொழி வேண்டும் என்று என் போன் கேட்டது. காது மிஷின் செயலியை இறக்கினாள். திறந்தது. அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டே தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், கேக்குதா?"

என் இரண்டு காதுக்கும் நடுவில், மண்டைக்குள் அவள் குரல் வந்தது. சற்றுக் கரகரத்த குரல். அதுவரை அவள் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

"இது தற்காலிகந்தான். இந்த வருசம் ஓட்டலாம். அதுக்குள்ள ஏழு வருஷம் வார போனா பாத்து வாங்கிருங்க. அதுலயும் மாடல் வந்த தேதியப் பாத்து வாங்குங்க" என்றாள். கூலி மிகக் குறைவாகக் கேட்டாள். கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் கூப்பிட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு முதலில் வந்தது. மேடு ஏறி வந்த மூச்சு. பின்னால் காற்று.

"ஏட்டி, கேக்குதா?"

"கேக்குது" என்றேன். இரண்டரை மாதத்தில் அன்றுதான் அது உண்மை.

சாப்பிட்டாயா, மகள் பேசினாளா என்று கேட்டார். பதில் சொன்னேன். அவர் குரலில் சளி கட்டியிருந்தது. அதைக் கேட்பதே சுகமாக இருந்தது. பின் சொன்னார்: "ஆர்டர் எப்படியும் வார மாசக் கடைசிக்குள்ள வந்துரும்னு ஆபீஸ்ல சொல்லுதான். ட்ரங்க் பெட்டியெல்லாம் கட்ட ஆரம்பிச்சுட்டேன்."

"என்ன ஆர்டர்? மாறுதலா?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, காற்று கேட்டுக்கொண்டிருந்தது.

"வி.ஆர்.எஸ். ஆர்டர்தான். உன்கிட்ட கேட்டுட்டுத்தான எழுதிக் குடுத்தேன்?"

கையிலிருந்த துணியைக் கட்டிலில் வைத்தேன். மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஜூனில் என்னிடம் கேட்டாராம். நன்றாக யோசித்துச் சொல் என்றாராம். சரி என்றேனாம். மறுவாரம் மறுபடி கேட்டாராம். உங்க இஷ்டம் என்றேனாம். மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம், நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றாராம். அதற்கும் சரி.

"எனக்கு எதுவும் கேக்கலைங்க" என்றேன். "போன் சரியில்ல. ஜூன்ல இருந்து நீங்க பேசுன எதுவும் எனக்குக் கேக்கல. முந்தாநாள்தான் சரி பண்ணுனேன்."

"அம்புட்டு நாளும் சரி சரின்னியே."

"ஆமா."

"முட்டி வீங்கிருச்சு, ரெண்டு நாளா ஆஸ்பத்திரில கெடக்கேன்னு சொன்னேன். நல்லதுன்ன."

மடித்த துணியைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"கோவத்துல சொல்லுதன்னு நெனச்சேன். இம்புட்டு வருஷம் விட்டுட்டு இருந்ததுக்கு" என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. ஒரு மாதிரி தட்டையாக இருந்தது. "மலை ஏற முடியலட்டி. சின்னப் பயலுக முன்னால பாதியில உக்காந்துருதேன். ஒருத்தன் என் துப்பாக்கிய வாங்கித் தூக்கிட்டு வாரான்."

"வாபஸ் வாங்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருந்தது. அதுதான் முதலில் வாயில் வந்தது.

"வாங்கலாம். நாள் இருக்கு." சளியைச் செருமிக்கொண்டார். "நீ ஒடனே சரின்னதும் எனக்கு எம்புட்டு லேசா இருந்துச்சு தெரியுமா? நீ வேண்டாம்னு சொல்லுவன்னுதான் நெனச்சிருந்தேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் அதே யோசனைதான். எனக்குக் காது கேட்டிருந்தால் ஜூனில் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அவரும் இருந்திருப்பார். எங்கள் பக்கத்தில் படைக்குப் போன ஆண்கள் எல்லோர் வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது நடந்திருக்கும். பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கும். என் வீட்டில் ஒரு பழைய போன் குறுக்கே வந்து வேறு மாதிரி முடித்துவைத்துவிட்டது. முட்டி வீங்கிக் கிடந்த மனிதனிடம் நல்லது என்று சொன்ன வாயால் இப்போது திரும்பிப் போங்கள் என்று சொல்ல வேண்டுமா?

மதிய இடைவேளையில் விளையாட்டு மைதானத்தின் கோடியில் வேப்ப மரத்தடிக்குப் போய் நானே கூப்பிட்டேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். அந்த மேட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"வாபஸ் வாங்காதீங்க. வந்துருங்க."

"கேட்டுத்தான் சொல்லுதியா?"

"கேட்டுத்தான் சொல்லுதேன்."

மனதாரச் சொன்னேனா என்று கேட்டால் தெரியாது. களைப்பில் சொன்ன சரியும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. ஆனால் கேட்டுத்தான் சொன்னேன்.

ரிப்பேர் கடைப் பெண் சொன்னபடியே, பள்ளியில் வருகை பதிவு செய்கிற செயலி அந்த மாற்று மென்பொருளை நம்பவில்லை. பாதுகாப்பற்ற கருவி என்று சொல்லி மூடிக்கொண்டது. ஒரு மாதம் போல, தினமும் காலையில் பக்கத்து வகுப்பு ஆசிரியையின் போனைக் கடன் வாங்கினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் நான் வருவது தெரிந்ததும் போனை முன்கூட்டியே எடுத்து மேசையில் வைத்துவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும். தலைமையாசிரியை ஒருநாள் கூப்பிட்டு, "எல்லாரும்தான் போன் வச்சிருக்கோம், உங்களுக்கு மட்டும் என்ன டீச்சர்?" என்றார். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, புதுசு வாங்கிவிடுகிறேன் என்றேன்.

வாங்கினேன். நோட்டில் மிஞ்சியிருந்த இரண்டில் ஒன்று. அந்த வருடமே வெளிவந்த மாடலா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, மகள் மூலம் வரவழைத்தேன். ஏழு வருடத்துக்கு அப்டேட் வரும் என்று கம்பெனி எழுதியே கொடுத்திருக்கிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவார்களா என்பது ஏழு வருடம் கழித்துத்தான் தெரியும். உடைந்தால் மதுரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பழைய போனை எறிய மனம் வரவில்லை. அந்தப் பெண்ணிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறது, யாருக்காவது ஆகும் என்று வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தபோது அவர் வந்தார். ராஜபாளையம் ஸ்டேஷனில் கறுப்பு ட்ரங்க் பெட்டியை இறக்கிவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். முட்டி இவ்வளவு மோசம் என்று நான் நினைத்திருக்கவில்லை. போனில் கேட்டது வேறு, பார்த்தது வேறு.

இப்போது ஒரு வருடமாகிறது. இத்தனை காலம் தள்ளித் தள்ளி இருந்துவிட்டு ஒரே வீட்டில் இருப்பது எளிதாக இல்லை. அவர் சமையலறையிலிருந்து பேசுவார், நான் கூடத்தில் இருப்பேன். கேட்காது. முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவார். கேட்காது. "போன்ல மட்டும் நல்லாக் கேக்குது ஒனக்கு" என்று ஒருநாள் சடைத்துக்கொண்டு, மாடியில் நின்றபடியே என்னைப் போனில் கூப்பிட்டு, துணி காய்ந்துவிட்டது எடுக்கட்டுமா என்று கேட்டார். நான் கீழேயிருந்து எடுங்கள் என்றேன். அதன்பிறகு அது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. சில நாள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, விடு" என்று போய்விடுகிறார். என்ன சொல்ல வந்தார் என்று நானும் பின்னாலேயே போய்க் கேட்பதில்லை.

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் செக்யூரிட்டி மேற்பார்வைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாள் முழுக்க நிற்க வேண்டுமாம். இன்னும் முடிவு செய்யவில்லை. மகளிடம் வேலையை விட்டதைச் சொன்னபோது, அவள் "அம்மா ஒத்துக்கிட்டாளா?" என்று ஆச்சரியப்பட்டாளாம். அம்மாதான் முதலில் சரி என்றாள் என்று சொல்லியிருக்கிறார். நடந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மாதம் ஒருமுறை முட்டி வைத்தியத்துக்கு மதுரைக்குப் போகிறோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு. வலது காது கொஞ்சம் தேவலை என்பதால் அந்தப் பக்கமாகப் பார்த்து அவர் உட்காருவார். வண்டி இரைச்சலில் அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிடுவார். நான் மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.